இங்கிலீஷ் பாட்டுக்குள் புகுந்த காட்டுப்பன்றி

கல்வராயன் மலையில் இருக்கிற வெள்ளிமலையில் இறங்கி, பாவாயி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பாவாயி?" என்று திருப்பிக் கேட்பார்கள். மலையில் பாவாயிகள் நிறைய. "பன்னிப்பாட்டுப் பாவாயி" என்று சொல்லிப் பாருங்கள், போகிற ஜீப்பை நிறுத்தி உங்களை ஏற்றிவிட்டு, வாசலில் கொண்டுபோய் இறக்கச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரை அவள் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டு முழுசாக மலை இறங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் அவள் என்னை அண்ணன் என்று வைத்துக்கொண்டதால் பிழைத்தேன்.

என் பெயர் அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். இன்று அதே கடை, அதே ஸ்டூல், செல்போன் ரிப்பேர். எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு, முன்கோபமும் உண்டு. புரியாத பாட்டை இரைச்சல் என்று யாராவது சொன்னால், அவர் செட்டு ரிப்பேருக்கு வந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இதனால் கடைக்கு நஷ்டம்தான். என் வீட்டுக்காரி இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறாள்.

முதலில் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாண்டிச்சேரியில் ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை நடைபாதையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் இந்தக் கேசட்டை எடுத்தேன். அட்டையில் படம் கிடையாது. சாம்பல் நிறம், குறுக்கே ஒரு ஆரஞ்சுக் கோடு, அவ்வளவுதான். பெயர் 'ஃபோர்த் ஷிஃப்ட்'. இங்கிலாந்தில் மழை விடாமல் பெய்கிற ஒரு பஞ்சாலை ஊர்ப் பையன்கள் நாலு பேர் போட்டது. முதலில் அவர்கள் இருட்டறையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே வாசிக்கிற கிட்டார் கோஷ்டியாக இருந்தவர்களாம். அப்புறம் யாரோ அவர்களை டான்ஸ் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் டிரம் மெஷினும் கீபோர்டும் வாங்கிப் போட்டு, அதே துக்கத்தை ஆடுகிற தாளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆலையில் மூன்று ஷிஃப்ட் வேலை, நாலாவது ஷிஃப்ட் ஆட்டம் என்பதுதான் பெயருக்கு அர்த்தம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பாடுகிறவன் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் பாடுவான். அவனுக்குக் கீழே மெஷின் டம் டம் என்று அவனைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். பேஸ் கிட்டார்க்காரன், அடியில் கிடந்து உறும வேண்டியவன், மேலே ஏறி வந்து மெட்டையே வாசிப்பான். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, கால் தானாக ஆடியது. இறந்தவரைத் தூக்கிப் போகும்போது மேளத்துக்கு முன்னால் ஆடுகிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எந்த ஸ்பீக்கர் வந்தாலும் அந்தக் கேசட்டைப் போட்டுத்தான் சோதிப்பேன். அப்படி ஒருநாள் ஒரு பழைய கேசட் டெக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வெள்ளிமலையிலிருந்து மாயவன் என்கிற பையன் வந்தான். புதிதாகச் சவுண்ட் சர்வீஸ் ஆரம்பிக்கிறேன், காதுகுத்து, கல்யாணம், திருவிழாவுக்குப் பாட்டுப் போடப் போகிறேன் என்றான். அந்த டெக்கையே கேட்டான், கொடுத்தேன். உள்ளே இருந்த கேசட்டை எடுக்க மறந்துபோனேன். அவன் போன பிறகு கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். வந்து போனவர்களை எல்லாம் மனசுக்குள் சந்தேகப்பட்டேன். மாயவனைத் தவிர.

அந்த மாயவன் பொண்டாட்டிதான் பாவாயி.

கரியாலூருக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவள். அஞ்சாவது வரை படிப்பு. சாமை விதைப்பாள், தினை அறுப்பாள், மரவள்ளி நடுவாள். கட்டிக்கொண்டவன் சவுண்ட் சர்வீஸ்காரன் ஆனதும் அந்த வேலையும் சேர்ந்தது. மாயவனுக்கு உயரம் என்றால் மயக்கம் வரும். அதனால் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது பாவாயிதான். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறுவாள். கீழே நின்று மாயவன், "பாத்து, பாத்து" என்று சொல்வதோடு அவன் பங்கு முடிந்துவிடும். "பாத்துக்கினு தான் ஏர்றேன், நீ கண்ண மூடிக்கினு நில்லு" என்பாள் மேலிருந்து.

குழாய் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அவளுக்குப் பரவாயில்லை. அவள் குரல் அப்படி. மலையில் வீடுகள் இங்கொன்று அங்கொன்று கிடக்கின்றன. ஒருவரை அழைக்க வேண்டும் என்றால் சரிவில் நின்று 'ஓ…' என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். கேட்டவர் யாராக இருந்தாலும், தன்னைக் கூப்பிடாவிட்டாலும், 'ஓ' என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். குரல் போய்ச் சேர்ந்தது என்று கூப்பிட்டவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எனக்கென்ன என்று சும்மா இருப்பவரை மலையில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். சண்டைக்காரன் கூப்பிட்டாலும் 'ஓ' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை.

பாவாயிக்கு அந்த இங்கிலீஷ் கேசட்டைப் பிடிக்கவே இல்லை. டெக்கோடு இனாமாக வந்தது என்று மாயவன் வீட்டில் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறான். "இவன் அழுவுறானா, ஆடச் சொல்றானா? எதுனா ஒண்ணு சொல்லச் சொல்லு" என்பாளாம். நான் கேட்ட இசை விமர்சனங்களிலேயே இதுதான் ஒழுங்கானது.

ஒருநாள் மாயவனுக்கு ஒரு ஆசை வந்தது. பாட்டுக்கு நடுவில் தன் குரலில், 'மாயவன் சவுண்ட் சர்வீஸ், வெள்ளிமலை' என்று ஒரு விளம்பரம் சேர்த்தால் எடுப்பாக இருக்குமே. நாலாவது பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடந்து போகிற ஒரு இடம் வரும். அங்கே நிறுத்தி, மேலே பதிய முடியாதபடி கேசட்டில் விட்டிருக்கும் ஓட்டையில் காகிதத்தை அடைத்து, மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ரிக்கார்ட் பட்டனை அமுக்கினான்.

அப்போது பார்த்து, கீழே மரவள்ளிக் கொல்லையிலிருந்து பாவாயி கத்தினாள்.

"ஓ… பன்னி பூந்துடுச்சு… ஓடியாங்க…!"

மாயவன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடின வேகத்தில் கால் ஒயரில் மாட்டி பிளக் பிடுங்கிக்கொண்டது. ஆக, கேசட்டில் பதிவானது இவ்வளவுதான்: பாவாயியின் குரல், ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு அமைதி, மைக் தரையில் விழுந்த 'டம்'. அதற்கு அடுத்த நொடியில் இங்கிலாந்துக்காரனின் டிரம் மெஷின் மறுபடி ஆரம்பிக்கும். வேண்டுமென்றே அளந்து வைத்தாலும் அப்படி விழாது. நான் தொழில்காரன், சொல்கிறேன், விழாது.

மாயவன் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. பன்றியை விரட்டிவிட்டு வந்து கேசட்டைப் பெட்டியில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் கரியாலூர் பக்கம் ஒரு காதுகுத்து. மத்தியானப் பந்தி நடக்கும்போது, வாயில் சோறு இருக்கிறவர்களுக்கு வார்த்தை புரிகிற பாட்டு எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, இங்கிலீஷ் கேசட்டைப் போட்டான். மரத்து உச்சியில் பாவாயி கட்டின நாலு குழாய். நாலாவது பாட்டு வந்தது. பேஸ் கிட்டார் தனியாக நடந்தது. பிறகு மூன்று சரிவுக்கும் கேட்கிற மாதிரி, "ஓ… பன்னி பூந்துடுச்சு… ஓடியாங்க…!"

பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து, "ஓ… தோ வரோம்!" என்றார்கள். டம் என்று மைக் விழுந்தது. டிரம் மெஷின் ஆரம்பித்தது. எதிர்ச் சரிவில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் களைக்கொத்தோடு ஓடி வந்தார்கள். சிலர் கம்போடு வந்தார்கள். ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்க வந்து நின்று, "பன்னி எங்க?" என்று கேட்டார்கள். காதுகுத்து வீட்டுக்காரர் பார்த்தார். "வந்தது வந்துட்டீங்க. கை கழுவுங்க, சாப்புடலாம்" என்றார். சாப்பிட்டார்கள். கம்போடும் டப்பாவோடும் வந்தவர்கள் அதே பாட்டுக்கு ஆடவும் ஆடினார்கள். குழாயைத் திருப்பிக் கட்ட ஏறியிருந்த பாவாயி மரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்று சாயங்காலம் வரை மேலேயே உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து கல்வராயன் மலையில் அந்தப் பாட்டு இல்லாமல் விசேஷம் கிடையாது. அதற்குப் பெயரும் பன்னிப்பாட்டு என்று ஆகிவிட்டது.

எனக்கு விஷயம் தெரிந்தது வெகுநாள் கழித்து. ஆம்ப்ளிஃபயர் புகைகிறது என்று மாயவன் கூப்பிட, மலைக்குப் போனேன். ஒரு திருவிழா. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே என் ஆல்பம் என் காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு வராது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நாலாவது பாட்டின் நடுவில், நான் உயிரை விடுகிற அந்த இடத்தில், ஒரு பொம்பளை பன்றி என்று கத்தினாள். நூற்றுக்கணக்கான பேர் வருகிறோம் என்று பதிலுக்குக் கத்தினார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "யாருய்யா இதக் கெடுத்தது?" என்று மாயவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பாவாயி நடுவில் வந்து நின்றாள்.

"உங்க கேசட்டா அண்ணா? தயவு பண்ணி எடுத்துக்கினு போயிடுங்க. எம்மானமே போவுது" என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்த்தால் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேட்டியை மடித்துக் கட்டின புது மாப்பிள்ளைகள். அந்த நாலு பையன்கள் இருட்டறையில் உட்கார்ந்து எதற்காக மெஷின் வாங்கினார்களோ, அது இங்கே நடந்துகொண்டிருந்தது. என் கடையில் நான் தனியாகக் கேட்டபோது ஒருநாளும் அது நடக்கவில்லை. "வெச்சிக்கோம்மா" என்றேன். பிறகு கேசட் தேய்ந்தபோது நானேதான் அதைச் சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தேன். அப்புறம் பென் டிரைவ். ஒவ்வொரு தடவையும் பன்றியைப் பத்திரமாக ஏற்றினேன்.

பாவாயி மட்டும் மாறவில்லை. நாலாவது பாட்டு வரும்போது எங்காவது எழுந்து போய்விடுவாள். ஒரு கல்யாணத்தில், சின்னசேலத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து கால் வைக்கும்போது சரியாக 'பன்னி பூந்துடுச்சு' என்று குழாய் அலறி, மாப்பிள்ளையின் சித்தப்பா வேனிலேயே திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திக் கீழே இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் அவளுக்கு அந்தப் பாட்டின் மேல் இருந்த வெறுப்பு இரண்டு மடங்கு ஆனது.

பாவாயிக்கும் மாயவனுக்கும் ஒரே பெண், கவியா. ஓசூரில் கம்பெனி வேலை. அதே கம்பெனியில், மலைக்குக் கீழே களமருதூர்ப் பையன் இளவரசன். இருவருக்கும் பிடித்துப்போனது. இரண்டு வீட்டிலும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு இறங்கி வந்து, வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. கல்யாணம் மலையில்.

புடவை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பாவாயி என் கடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அந்தப் பாட்டு பன்னி இல்லாம கெடைக்குமா?"

"கெடைக்கும். போன்லயே கெடைக்குது. எதுக்கு?"

"கவியா அந்தப் பாட்டு இல்லன்னா ஆட மாட்டேன்றா. களமருதூர்க்காரங்க வந்து எறங்க சொல்ல என் கொரலு பன்னின்னு கத்துனா, எம்பொண்ண இன்னான்னு நெனப்பாங்க?"

"அதுக்கா இவ்ளோ கவல?"

அவள் புடவைப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"அது மட்டும் இல்ல அண்ணா. நிச்சயத்துக்கு அங்க போனோம்ல. வரிசையா வூடுங்க. நல்ல வூடுங்கதான். கதவு சாத்திக்கினு, உள்ள டிவி ஓடிக்கினு இருந்துது. கவியா பின்னாடித் தெருவுக்குப் போயிட்டா. நான் நம்ம பழக்கத்துல ஓ…ன்னு கூப்புட்டேன். ஒரு கதவு தொறக்கல. ஒரு ஆளு இன்னான்னு கேக்கல. சம்மந்தியம்மாவும் வூட்டுல இல்ல. நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா, இவ கூப்புட்டா, யாரு வருவாங்க?"

கள்ளக்குறிச்சியில் நான் கத்தினாலும் அடுத்த கடைக்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான். "அதெல்லாம் வருவாங்க" என்று சொல்லிவைத்தேன். சொல்லும்போதே அது எனக்கே நம்பிக்கையாக இல்லை. அவள் எழுந்து போனாள்.

ஆல்பத்தின் நல்ல பிரதியை இறக்கினேன். துல்லியமாக இருந்தது. பல வருஷம் கழித்து அந்த நாலாவது பாட்டை முழுசாகக் கேட்டேன். பேஸ் கிட்டார் தனியாக நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. நான் என்னை அறியாமல் "தோ வரோம்" என்று சொல்லிவிட்டேன். போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்திருந்த பெண், "என்னங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என் ஆல்பத்தின் அசல், எனக்கே குறையாகத் தெரிந்தது.

கல்யாணத்தன்று காலையில் களமருதூர் வேன் வந்தது. முதலில் இறங்கியவர் இளவரசனின் அம்மா அமிர்தம். பச்சைப் பட்டு, கழுத்து நிறைய நகை, மூக்குக்கு நேரே ஒரு எலுமிச்சம்பழம். பாவாயி கையைப் பிடித்து, "வாங்க சம்மந்தி" என்றாள். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். தாலி கட்டும்போதும் தலையாட்டல்தான். ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டபோதும் தலையாட்டல்தான். எலுமிச்சம்பழம் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

"பாத்தீங்களா அண்ணா, ஒரு வார்த்த பேசல" என்றாள் பாவாயி என்னிடம். அவள் கண் நிறைந்திருந்தது.

எனக்கும் அந்த அம்மாள் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. மலை வளைவில் ஏறி வந்தவர்களுக்குக் குடல் வாய்க்கு வரும், வாயைத் திறக்கவே பயமாக இருக்கும் என்பது, அந்த ரோட்டில் எத்தனையோ தடவை ஜன்னல் பக்கம் இடம் பிடித்துப் போயிருக்கிற எனக்கு அப்போது தோன்றவில்லை பாருங்கள். ஒரு வாய் மோர் மட்டும் குடித்துவிட்டு அமிர்தம் பின்பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துவிட்டார்.

மத்தியானப் பந்தி முடிந்ததும் மாயவன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் வந்து உட்கார்ந்தான். பெண்ணின் அப்பன் பட்டு வேட்டியோடு செட்டுப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வேறவன் போடுவானா?" என்றான். நான் புதிதாக ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைச் செருகினான். மலை ஜனம் வட்டமாக இறங்கியது. நடுவில் மாலையோடு கவியாவும் இளவரசனும். களமருதூர் ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. ஆட்டம் சூடு பிடித்தது. நாலாவது வந்தது. பேஸ் கிட்டார் தனியாக நடக்க ஆரம்பித்ததும் எல்லாரும் வழக்கம்போல் நின்று, வாயைத் திறந்து, காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

அந்த அமைதியில், இளவரசன் மட்டும் கையைத் தூக்கி, "ஓ… தோ வரோம்!" என்று பலமாகக் கத்தினான். கவியா ஓசூரில் வைத்தே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பையன் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்திருக்கிறான். யாரும் கூப்பிடாமலேயே பதில் சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்து, மெதுவாகக் கையை இறக்கினான். டிரம் மெஷின் தன்பாட்டுக்கு ஆரம்பித்தது. ஒருவரும் ஆடவில்லை. "இன்னாடா மாயவா, பன்னி எங்கடா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி.

மாயவன் பாட்டை நிறுத்தினான். கவியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சமையல் பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் வந்தாள்.

"யம்மா, உங்கொரலு எங்க?"

"அது எதுக்குடி உங்க மாமியார் வூட்டாரு முன்னாடி…"

"மலையில இருக்கற எல்லாப் பொண்ணுங்க கல்யாணத்துலயும் கூப்புட்ட. என் கல்யாணத்துல மட்டும் கூப்புட மாட்டியா?"

பாவாயி மாயவனைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் கூடவே குடித்தனம் செய்தவன், அவனுக்குப் புரிந்தது. நாலாவது பாட்டை முதலிலிருந்து போட்டான். பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அறிவிப்புச் சொல்ல வைத்திருந்த மைக்கை எடுத்தாள். பேஸ் கிட்டார் தனியாக நடந்தது. அத்தனை வருஷம் எழுந்து எழுந்து போனவளுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள்.

"ஓ… பன்னி பூந்துடுச்சு… ஓடியாங்க…!"

கேசட்டில் இருந்தது இளம்பெண்ணின் குரல். இது அம்மாவின் குரல். கொஞ்சம் உடைந்திருந்தது, இன்னும் பெரிதாக இருந்தது. மலையே "ஓ… தோ வரோம்!" என்றது. மாப்பிள்ளையும்தான், இந்தத் தடவை சரியான இடத்தில். டிரம் விழுந்தது. ஆட்டம் என்றால் அது ஆட்டம். கையைக் கட்டியிருந்த களமருதூர் ஆட்களில் ரெண்டு பேர் எழுந்துவிட்டார்கள். நானும் ஆடினேன், என் முட்டியைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

அப்போதுதான் பின்பக்கச் சரிவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தோ வரேன்! எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் பூந்துச்சு?"

அமிர்தம். பச்சைப் பட்டை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. எலுமிச்சம்பழத்தைக் காணோம். கையில் மாட்டுக் கொட்டாயிலிருந்து உருவின ஆள் உயரக் கம்பு. தூக்கத்தில் குரலைக் கேட்டவர், நிஜமாகவே பன்றி என்று நம்பி, மேடு பள்ளம் தெரியாத மலையில் விழுந்தடித்து ஓடி வந்திருக்கிறார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் வழி விட்டார்கள். மாயவன் பாட்டைத் தணித்தான்.

அவர் நேராகப் பாவாயி முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. அத்தனை நேரம் மூடியிருந்த வாய் திறந்தது.

"எங்க சம்மந்தி? எந்தக் கொல்லையில? எனக்குப் பன்னின்னா வயிறு எரியும். போன போகத்துல அரைக் காணி நெல்ல அப்படியே ஒழப்பிட்டுப் போயிடுச்சு. நீங்க நிச்சயத்துக்கு வந்த அன்னிக்கும் தெருவுல இருக்கற நாங்க எல்லாம் டிவியக்கூட நிறுத்தாம ஓடி அதத் தான் வெரட்டிக்கினு இருந்தோம், அதான் உங்கள வாங்கன்னு கேக்க ஆள் இல்லாமப் போச்சு. எங்க, சொல்லுங்க, எங்க அது?"

யாரும் சிரிக்கவில்லை. கவியா மாமியாரின் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாயி அந்தக் கம்பைப் பார்த்தாள், பட்டுப்புடவையில் ஒட்டியிருந்த முள்ளைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மைக் கையில் இருப்பதையே மறந்துவிட்டு, இன்னொரு கையால் அமிர்தத்தின் கம்பு பிடித்த கையைப் பற்றினாள்.

"போயிடுச்சு சம்மந்தி. நீங்க வந்ததும் போயிடுச்சு" என்றாள்.

நாலு குழாயிலும் அது மலை முழுக்கக் கேட்டது. எதிர்ச் சரிவில், கல்யாணத்துக்கு வராமல் கொல்லையில் இருந்த யாரோ ஒருவர், விஷயம் என்னவென்று தெரியாமலேயே, 'ஓ…' என்று பதில் கொடுத்தார்.